முந்தைய பெயர்: தொபுக்கடீர்

ஜனவரி 9

அக்காவுக்கு,

நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டேன். நல்லாத்தான் இருப்பே. போன்ல பேசலாம்னு நாலு தடவை உன் நம்பரை எடுத்தேன். பேசினா கத்திடுவேன். வீட்டுல பிள்ளை இருக்கு. அதான் கடைக்கு வந்து, லென்ஸ் அரைக்கிற மெஷினை நிறுத்திட்டு, ஆர்டர் எழுதுற பேப்பர்லயே எழுதுறேன்.

என் பொண்ணு வாலுவுக்கு ஒம்பது வயசு முடியப் போகுது. நீ அவளைப் பாத்து மூணு வருஷம் ஆச்சு, அதனால உனக்குத் தெரியாது. ரெண்டு வருஷமா அடிக்கடி விழுறா. ஸ்கூல்ல படம் காட்ட விளக்கை அணைச்சா போதும், நின்னுக்கிட்டிருக்கவ அப்படியே சாஞ்சுடுவா. ஒரு பெட்டியைத் தூக்கிட்டுப் படி இறங்கினா கால் கண்ணுக்கு மறைஞ்சுடுது, விழுந்துடுவா. போன வருஷம் முன்பல்லு ஒண்ணு போச்சு. கடைசியா பெரிய ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்து மரபணு பரிசோதனைக்கு அனுப்பினாங்க. திங்கக்கிழமை ரிப்போர்ட் வந்துச்சு.

டாக்டர் ரொம்ப மரியாதையான மனுஷர். நம்ம பாஷை தெரியாது. பேப்பரை என் பக்கம் திருப்பி வச்சு, அதுல இருந்த மரபணுவோட பேரை ஒவ்வொரு எழுத்தா கஷ்டப்பட்டுப் படிச்சார். தோ. பு. கா. டிர். "இது உங்க மொழி மாதிரி இருக்கே, இதுக்கு என்ன அர்த்தம்?"னு கேட்டார். நான் தெரியாதுன்னு சொல்லிட்டேன். என் பக்கத்துல உக்காந்திருந்தவ சும்மா இருப்பாளா? "அப்பா, தொபுக்கடீர்னு போட்டிருக்கு! யாராவது விழுந்தா சொல்றது!"ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. அப்புறம் என் மூஞ்சியைப் பாத்துட்டு சிரிப்பை நிறுத்திட்டா.

என் வீட்டுக்காரி வந்து கம்ப்யூட்டர்ல தேடினா. பேரு வந்த கதைன்னு ஒரு வரி போட்டிருந்துச்சு. "கண்டுபிடித்தவர் தம் தம்பியின் சிறுவயதுப் பட்டப்பெயரை இதற்குச் சூட்டினார்." கீழே உன் பேரு. அவ என்னைத் திரும்பிப் பாத்தா. கல்யாணமாகி பன்னெண்டு வருஷத்துல, எனக்கு அப்படி ஒரு பட்டப்பேரு இருந்துச்சுன்னு நான் அவகிட்ட சொன்னதே இல்ல.

உனக்கு விளையாட ஒரு பேரு வேணும்னா நாய்க்குட்டி வளத்திருக்கலாமே அக்கா. அந்தப் பேரை எடுத்துடு.

தம்பி


ஜனவரி 21

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். வாலுவுக்கு இப்படின்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அவளை நினைச்சு மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கு.

நீ கோவப்படுறது நியாயம். ஆனா நடந்ததைக் கொஞ்சம் பொறுமையா கேளு. எங்களை மாதிரிப் பழ ஈ வளத்து ஆராய்ச்சி பண்றவங்களுக்குன்னு ஒரு பழக்கம் இருக்கு. ஒரு மரபணு கெட்டுப்போனா ஈ என்ன பண்ணுதோ, அதையே அந்த மரபணுவுக்குப் பேரா வச்சுடுவோம். எப்பவும் பாட்டில் அடியிலேயே தூங்குற ஈ ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு 'மேனேஜர்'னு பேரு வச்சாங்க பக்கத்து லேப்ல. நாள் பூரா குனிஞ்சு மைக்ராஸ்கோப்ல ஈயோட காலை எண்ணிக்கிட்டிருக்கிறவங்களுக்கு வேற என்ன சந்தோஷம், சொல்லு. என் ஈங்க வெளிச்சத்துல ஒழுங்கா நடக்கும். விளக்கை அணைச்சா கவுந்து விழும். அதுங்களோட கால் எங்க இருக்குன்னு மூளைக்குச் சேதி சொல்ற நரம்புல கோளாறு. முதல்முதலா அதைப் பாத்தப்ப உன் ஞாபகம் வந்து 'தொபுக்கடீர்'னு வாய்விட்டே சொல்லிட்டேன். பாசத்துல வந்த வார்த்தைடா அது.

மனுஷ உடம்புலயும் அதே மரபணு இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அப்ப வந்துச்சு குழப்பம். எலி ஆராய்ச்சி பண்றவங்க அதுக்குக் 'கால் நிலை உணர்த்தி இரண்டு'ன்னு பேரு வச்சிருந்தாங்க. ஆஸ்பத்திரிக்காரங்க வெறும் நம்பர் போட்டு வச்சிருந்தாங்க. மூணு கூட்டமும் ஒரே மரபணுவைப் பத்திப் பேசுறோம்னு அஞ்சு வருஷம் ஒருத்தருக்கும் தெரியாது. அவங்க எழுதினது எங்களுக்குக் கிடைக்காது, நாங்க எழுதினது டாக்டருங்களுக்குக் கிடைக்காது. ஒவ்வொரு கண் டாக்டரும் பவரை அவரவர் இஷ்டத்துக்கு எழுதி அனுப்பினா நீ எப்படி லென்ஸ் அரைப்பே? அதுக்குத்தான் பெயர்க் குழுன்னு ஒண்ணு இருக்கு. ஒரு மரபணுவுக்கு உலகம் பூரா ஒரே பேருன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. அவங்க இந்தப் பேரை எடுத்துக்கிட்டாங்க. இப்ப அது என் கையில இல்ல. இருந்தாலும் கேட்டுப் பாக்கறேன்.

வாலுவுக்கு என் முத்தம்.

அக்கா


பிப்ரவரி 4

அக்காவுக்கு,

உன் கையில இல்லன்னு எழுதினியே, அதை எழுதும்போது உன் கை நடுங்கலையா?

ரிப்போர்ட்டுக்குக் கீழேயே அந்தப் பெயர்க் குழுவோட விலாசம் இருந்துச்சு. என் வீட்டுக்காரி எழுதிக் கேட்டா. செயலாளர் அம்மா ஒருத்தங்க மூணே நாள்ல பதில் போட்டாங்க. எந்தப் பேரை ஏன் எடுத்தோம்னு நடந்த பேச்செல்லாம் யார் வேணும்னாலும் படிக்கலாம், இதோ இங்க இருக்குன்னு இடத்தைக் காட்டினாங்க. படிச்சோம். ஆறு வருஷத்துக்கு முன்னாடி அவங்க எலிக்காரங்க பேரைத்தான் வைக்கிறதா இருந்தாங்க. நீதான் விடலை. நான்தான் முதல்ல கண்டுபிடிச்சேன், என் பேருதான் நிக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னிருக்கே. நோயாளிங்க இதைப் படிப்பாங்களேன்னு அந்தம்மா ரெண்டு தடவை உனக்கு எழுதியிருக்காங்க. நீ எழுதின பதிலை என் வீட்டுக்காரி சத்தமா படிச்சுக் காட்டினா.

"ஒரு பெயர் சிரிப்பை வரவழைத்தால் அது குற்றமல்ல. நோயாளிகளின் மனம் புண்படும் என்பது வெறும் ஊகம். இதுவரை ஒருவரும் புகார் செய்யவில்லை."

இந்தா, செய்யறேன்.

உனக்கு விஷயம் எவ்வளவு தூரம் போயிருக்குன்னு தெரியணும். ஸ்கூல்ல ஒரு படிவம் குடுத்திருக்காங்க. அதை நிரப்பி, ரிப்போர்ட்டையும் சேத்துக் குடுத்தா வாலுவுக்காகப் படியில ரெண்டு பக்கமும் கைப்பிடி வைப்பாங்க, படம் காட்டுற அறையில ஒரு சின்ன விளக்கை எரிய விடுவாங்க. ஜூன் மாசம் புது வகுப்பு மாடியில. அதுக்குள்ள குடுத்தாகணும். ஆனா அவ குடுக்க மாட்டேங்கிறா. "அந்தப் பேப்பரை டீச்சர் படிச்சா எல்லாருக்கும் தெரிஞ்சுடும், என்னை அந்தப் பேரு சொல்லித்தான் கூப்பிடுவாங்க, நான் விழுந்தாலும் பரவாயில்ல"ங்கிறா. அவ அம்மா அந்த வார்த்தை மேல கறுப்பு மை தடவிக் குடுத்துப் பாத்தா. மை பூசின பேப்பரை வாங்க மாட்டோம்னு திருப்பிட்டாங்க.

எனக்கு அந்தப் பேரு வீட்டுல இருந்துச்சு. அம்மா கூப்பிட்டாங்க, அப்பா கூப்பிட்டாரு, நீ கூப்பிட்டே. கூப்பிட்டுட்டுத் தூக்கியும் விட்டீங்க. வீட்டுப் பேருன்னா வீட்டுக்குள்ள கிடக்கணும் அக்கா. அதைத் தூக்கிட்டுப் போய் ஊரெல்லாம் ஒட்டச் சொன்னது யாரு?

தம்பி


பிப்ரவரி 15

தம்பி,

மூணு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். முதல் ரெண்டுலயும் என்னை நானே நல்லவளா காட்டப் பாத்தேன்.

நான் பொய் சொன்னேன். என் கையிலதான் இருந்துச்சு. அந்த வரியை எழுதினதும் நான்தான். இப்ப படிச்சா நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

ஏன் விடலைன்னு கேப்பே. இருபத்திரண்டு வருஷமா ஈ பாட்டிலுக்குப் பஞ்சு அடைச்சுக்கிட்டிருக்கேன். என் கூட இருந்தவங்க எல்லாம் பெரிய பெரிய இடத்துக்குப் போயிட்டாங்க. நான் கண்டுபிடிச்சது ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் அந்தப் பேருனாலதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் "இவங்கதான் தொபுக்கடீர் அம்மா"ன்னுதான் அறிமுகம் செய்வாங்க. அந்தப் பேரு போயிட்டா நான் யாருமில்லன்னு பயந்தேன். அவ்வளவுதான் காரணம். இவ்வளவு சின்னக் காரணம்னு எழுதிப் பாக்கும்போதுதான் தெரியுது.

இன்னொண்ணு இருக்கு. இது உனக்குத் தெரியாது. தெரியாமலே போயிருக்கும். ஆனா இனிமே உன்கிட்ட எதையும் ஒளிக்கக் கூடாதுன்னு எழுதுறேன்.

மேடையில பேசும்போது, பேரு எப்படி வந்துச்சுன்னு சொல்ற இடம் வரும். அங்க நான் உன்னை மாதிரி நடிச்சுக் காட்டுவேன். ஸ்வெட்டரைத் தலைக்கு மேல இழுத்து, முகத்தை மூடிக்கிட்டு, ரெண்டு அடி தள்ளாடி, மேஜை மேல சாஞ்சு, "தொபுக்கடீர்!" கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஒரு தடவை இல்ல. நாப்பது தடவைக்கு மேல இருக்கும். எந்த இடத்துல எவ்வளவு நேரம் நிறுத்தினா கூடுதலா சிரிப்பாங்கன்னு எனக்கு அத்துப்படி.

நீ சட்டை கழட்டும்போது விழுவே. மூஞ்சி கழுவும்போது, கண்ணுல சோப்புப் பட்டதும் விழுவே. கண்ணைக் கட்டி விளையாடினா உடனே விழுவே. கண்ணு மூடினா கால் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியலடா. என் ஈங்களுக்கும் அதேதான். நூத்துக்கணக்கான ஈ வகையில அந்த ஒண்ணைப் பாத்ததும் உன் ஞாபகம் வந்துச்சுன்னா, அது அதே கோளாறா இருந்ததாலதான். கண் முன்னாடி இருந்ததை நான் பாத்தேன், பாத்துட்டு சிரிச்சேன். ஒரே ஒரு நாள் சிரிக்காம யோசிச்சிருந்தா, "வாடா, உனக்கு ஒரு பரிசோதனை பண்ணலாம்"னு கூப்பிட்டிருப்பேன். நாப்பது தடவை நடிச்சவளுக்கு அது ஒரு தடவைகூடத் தோணலை. விஞ்ஞானின்னு சொல்லிக்க வெக்கமா இருக்கு. அக்கான்னு சொல்லிக்க அதைவிட வெக்கமா இருக்கு.

பேரை எடுத்துடுங்கன்னு நேத்தே குழுவுக்கு எழுதிட்டேன்.

ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. இப்பவும் விழுறியா?

அக்கா


மார்ச் 2

அக்கா,

நாப்பது தடவையா?

உன் கடிதம் வந்து பத்து நாள் சட்டைப் பையிலயே வச்சிருந்தேன். கடைக்கு வர்றவங்க கண்ணாடியைப் போட்டுப் பாத்து "எப்படி இருக்கு?"ன்னு கேப்பாங்க. என்னால அவங்க மூஞ்சியைப் பாக்க முடியலை. நான் எந்த ஊரையும் பாத்ததில்ல, ஆனா எங்கெங்கேயோ உக்காந்திருக்கிறவங்க எல்லாம் நான் சட்டை கழட்டுறதைப் பாத்துச் சிரிச்சிருக்காங்க. அம்மணமா தெருவுல நிக்கிற மாதிரி இருக்கு.

அந்தப் பத்து நாளும் உனக்குக் கேவலமா ஒரு பதில் எழுதணும்னு யோசிச்சேன். எழுத வந்தா வேறதான் வருது.

ஆமா. இப்பவும் விழுறேன்.

என்கிட்ட இருக்கிற சட்டை அத்தனையும் முன்பக்கம் பட்டன் வச்சது. வாலு என் பிறந்தநாளுக்கு ஒரு டீ-ஷர்ட் வாங்கிக் குடுத்தா, அது இன்னும் அலமாரியில மடிப்புக் கலையாம இருக்கு. "பிடிக்கலையாப்பா?"ன்னு ரெண்டு தடவை கேட்டுட்டா. தலைக்குத் தண்ணி ஊத்தும்போது ஒரு கை எப்பவும் குழாயைப் பிடிச்சிருக்கும். கரண்ட் போனா இருக்கிற இடத்துலயே உக்காந்துடுவேன், "அசதியா இருக்கு"ன்னு சொல்லிடுவேன். உக்காந்து பாக்கிற வேலைன்னுதான் கண்ணாடிக் கடைக்கே வந்தேன். என் வீட்டுக்காரிக்கு இதுல ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சும் கேக்காம இருக்காளோ என்னவோ.

டாக்டர் முதல் நாளே கேட்டார். "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" நான் யோசிக்கவே இல்ல. "இல்ல"ன்னுட்டேன். பட்டுன்னு வந்துச்சு. சின்ன வயசுலேர்ந்து பழகின பொய். அதனால வாலு ரிப்போர்ட்ல என்ன எழுதியிருக்கு தெரியுமா? "இது காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல இயலாது." உறுதியா இல்லாத ரிப்போர்ட்டை வச்சுக் கைப்பிடி வைக்க மாட்டோம்னு ஸ்கூல்ல இப்ப புதுசா ஒரு பேச்சு. நீ பேரை எடுத்தாலும் அந்தப் படிவம் பாதிலதான் நிக்கும். மீதியை அடைச்சுக்கிட்டு நிக்கிறது நான்.

இதையும் சொல்லிடறேன். போன லீவுல அவ கடைக்கு வந்திருந்தா. லென்ஸ் தட்டைத் தூக்கிட்டு வந்தவ விழுந்துட்டா. பதினாறு லென்ஸ் நொறுங்கிடுச்சு. நான் அவளை அடிச்சேன் அக்கா. "கண்ணு எங்க இருக்கு, பாத்து நடக்கத் தெரியாதா?"ன்னு கேட்டு அடிச்சேன். தட்டு மறைச்சதால கால் தெரியலைன்னு எனக்குத் தெரியும். இந்த உலகத்துலயே எனக்கு மட்டும்தான் நல்லாத் தெரியும். தெரிஞ்சே அடிச்சேன்.

இதை உனக்கு எழுதுறதால உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. வேற யார்கிட்டயும் சொல்ல முடியலை, அதான்.

தம்பி


மார்ச் 19

தம்பி,

நீ மன்னிக்க வேண்டாம். நானும் கேக்க மாட்டேன்.

குழு ஒத்துக்கிட்டுது. நான் சண்டை போட்டு விரட்டின அந்த எலிக்காரங்க பேருதான் இனி எல்லாத்துக்கும். கால் நிலை உணர்த்தி இரண்டு. மருந்துச் சீட்டு மாதிரி சப்புன்னு இருக்கிற பேரு. அது என்ன வேலை செய்யுதுன்னு மட்டும் சொல்லும், யாரையும் பாத்துச் சிரிக்காது. ஒரு அப்பாகிட்ட டாக்டர் இதை வாசிச்சுக் காட்டினா அவர் பொய் சொல்ல வேண்டி வராது. பேருன்னா அவ்வளவு போதும்னு இந்த வயசுல எனக்குப் புரியுது. எலி லேப்ல இருந்து ஒரு வரி எழுதியிருந்தாங்க, "நன்றி"ன்னு. கிண்டல் பண்ணியிருந்தா நல்லா இருந்திருக்கும். பண்ணலை.

ஏப்ரல் பத்தாம் தேதிலேர்ந்து ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் புதுப் பேருல வரும். ஆனா ஒரு விஷயத்துல என்னால ஜெயிக்க முடியலை. பழைய பேரை முழுசா அழிச்சுடுங்கன்னு செயலாளர் அம்மாகிட்ட கெஞ்சினேன். போன்ல அழுதுட்டேன்னே வச்சுக்கோ. அவங்க அசையலை. "பதினாறு வருஷமா அந்தப் பேருல எத்தனை பேர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்காங்க? பேரை அழிச்சா அதெல்லாம் தேடுறவங்க கண்ணுக்குத் தப்பிடும். நாளைக்கு வேற எங்கேயோ ஒரு குழந்தைக்கு இதே கோளாறு வரும், அந்த டாக்டர் பழைய கட்டுரையைக் கண்டுபிடிக்க முடியாம நிப்பார். உங்க வெக்கத்துக்காக அதைச் செய்ய முடியாதுங்க"ன்னாங்க. ஆறு வருஷத்துக்கு முன்னாடியே அவங்க பேச்சைச் சரின்னு கேட்டிருக்கணும். இப்பவாவது கேட்டேன்.

அதனால புது ரிப்போர்ட்லயும் அடியில சின்ன எழுத்துல ஒரு வரி இருக்கும். முந்தைய பெயர்னு போட்டு, அது. எப்பவும் இருக்கும். நான் செத்தாலும் இருக்கும். வாலு கண்ணுல அது படும், உனக்குத் தெரியாததில்ல. அவகிட்ட என்ன சொல்லணும்னு நீயே முடிவு பண்ணிக்கோ. என்னைப் பத்தி உள்ளதை உள்ளபடி சொல்லு, மேடையில நடிச்சதையும் சேத்து. மறைக்க வேண்டாம்.

உன் பாதியை நான் செய்ய முடியாது. டாக்டர்கிட்ட போய் "எனக்கும் இருக்கு"ன்னு சொல்லு. ஒரு சின்னக் குப்பி ரத்தம் குடு. ரெண்டு பேர் மரபணுவுலயும் ஒரே மாத்தம் இருக்குன்னு தெரிஞ்சா, அந்த 'இருக்கலாம்' போயிடும். நீ ஒளிச்சு வச்சது தப்புன்னு நான் சொல்ல வரலை. நாங்க சிரிச்சோம், நீ ஒளிச்சே. முதல்ல வந்தது எங்க சிரிப்புதான்.

அவளைப் பாக்கணும் போல இருக்கு. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வர்றதுன்னு தெரியலை.

அக்கா


ஏப்ரல் 29

அக்கா,

போனேன். டாக்டர்கிட்ட சொன்னேன். சொல்றதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சுல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். என் வீட்டுக்காரி கூட வந்தா. அவகிட்ட முந்தின நாளே சொல்லிட்டேன். "குழாயைப் பிடிச்சுக்கிட்டுக் குளிக்கிறவரைப் பன்னெண்டு வருஷமா பாக்கறேன், என்னிக்குச் சொல்லுவீங்கன்னு காத்திருந்தேன்"ன்னா. இத்தனை வருஷம் யாருக்காக ஒளிச்சேனோ தெரியலை.

டாக்டர் திட்டவே இல்ல. "கண்ணை மூடி நில்லுங்க"ன்னார். நின்னேன். மூணு எண்ணுறதுக்குள்ள ரெண்டு நர்ஸ் பிடிச்சாங்க. ரத்தம் எடுத்தாங்க. நேத்து ரிப்போர்ட் வந்துச்சு, எனக்கு ஒண்ணு, அவளுக்குப் புதுசா ஒண்ணு. ரெண்டுலயும் ஒரே மாத்தம். அந்த 'இருக்கலாம்' போயிடுச்சு.

வாலு வழக்கம்போல என் கையிலேர்ந்து பிடுங்கிப் படிச்சா. "கால் நிலை உணர்த்தி இரண்டு. ஐயே, கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கு"ன்னா. ஆனா அவ தோள் இறங்கினதை நான் பாத்தேன். அப்புறம் நீ சொன்ன மாதிரியே அடி வரிக்குப் போயிட்டா. முந்தைய பெயர். விரலை வச்சுக்கிட்டு "இது யாருப்பா?"ன்னு கேட்டா. எதுன்னு கேக்கலை, யாருன்னு கேட்டா. அவ அம்மாவும் நானும் பேசினது எதையோ கேட்டிருக்கா.

நான்தான்னு சொன்னேன். நம்பலை. "நீ விழ மாட்டியே"ன்னா.

ஆஸ்பத்திரியில அவளுக்குப் பயிற்சி குடுக்கிறவங்க எங்க வீட்டுல ஒரு தடி மெத்தை போட வச்சிருக்காங்க. நேரா நிக்கிறதுக்கு இல்ல, அடிபடாம விழுறதுக்கு. தாடையை உள்ள இழுக்கணும், கையை ஊனக் கூடாது, பக்கவாட்டுல உருளணும். தினமும் சாயங்காலம் பத்து தடவை விழுவா. நான் அலமாரியைத் திறந்து அந்த டீ-ஷர்ட்டை எடுத்து, உக்காந்தபடியே சட்டைக்கு மேல போட்டுக்கிட்டு, மெத்தை மேல ஏறி நின்னேன். முப்பது வருஷத்துக்கு அப்புறம் ஒரு துணியைத் தலை வழியா கழட்டினேன். முகம் மூடினதும் கால் போயிடுச்சு. மடார்னு விழுந்தேன்.

அவ சிரிப்பான்னு நினைச்சேன். சத்தமே இல்ல. துணியை விலக்கிப் பாத்தா பக்கத்துல மண்டி போட்டு உக்காந்திருக்கா. "கையை ஊனிட்டே, அது தப்பு. தாடையை உள்ள இழுக்கணும்ப்பா, இன்னொரு தடவை செய்"ன்னா. செஞ்சேன். நாலாவது தடவைதான் சரின்னா. அப்புறம் மெத்தையிலயே படுத்துக்கிட்டு "அன்னிக்கு லென்ஸ் உடைஞ்சப்ப உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டா. தெரியும்னேன். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. அது எனக்கு வேண்டியதுதான்.

இன்னிக்குக் காலையில படிவத்தை அவளே எடுத்துட்டுப் போய்க் குடுத்தா. என் ரிப்போர்ட்டையும் சேத்து வச்சுக்கிட்டா. "கேட்டாங்கன்னா, எங்க அப்பாவுக்கும் இருக்குன்னு சொல்லுவேன்"ன்னா.

உன்னைப் பத்தியும் உள்ளதைச் சொன்னேன். எதையும் குறைக்கலை. ஸ்வெட்டர், மேஜை, நாப்பது தடவை, எல்லாம். கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் நகத்தைக் கடிச்சா. அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுறேன். "அத்தையை வரச் சொல்லு. அங்க செஞ்சதை இங்க என் முன்னாடி செய்யச் சொல்லு. நான் பாக்கணும்."

கோவமா சொன்னாளா என்னன்னு எனக்கே தெரியலை. வர்றதும் வராததும் உன் இஷ்டம்.

தம்பி


மே 8

தம்பி,

வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை வரேன். லீவு போட்டுட்டேன். ஈ பாட்டிலை எல்லாம் பக்கத்து பெஞ்சுக்காரர்கிட்ட ஒப்படைச்சுட்டேன்.

என் மருமக என்ன சொன்னான்னு எங்க லேப்ல யாராவது கேட்டா சொல்ல எனக்கு வாய் வராது. சரியா கேட்டிருக்கா. பதினாறு வருஷத்துல ஒருத்தரும் கேக்காததைக் கேட்டிருக்கா.

செய்யணும்னுதான் முடிவு பண்ணினேன். முடியாதுன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஆனா கூட்டம் சிரிக்கிற மாதிரி செய்யத்தான் எனக்குத் தெரியும். சிரிப்பு இல்லாம அதை எப்படிச் செய்யறதுன்னு தெரியலை. அதனால ஒரு வாரமா வேலையிலேர்ந்து வந்ததும் அறைக் கதவைச் சாத்திட்டு, அதே ஸ்வெட்டரைத் தலைக்கு மேல இழுத்துக்கிட்டு நின்னு பாக்கறேன். எவ்வளவு நேரம் நின்னாலும் விழலைடா. கண்ணு மூடியிருக்கு, மூச்சு முட்டுது, ஆனா என் கால் எங்க இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியுது. நானா வேணும்னு சாயப் போனாலும் கை தானா போய் சுவரைப் பிடிச்சுடுது. அத்தனை மேடையிலயும் நான் மேஜையைத்தான் பிடிச்சிருக்கேன். ஒரு தடவைகூட விழுந்ததே இல்ல. நீ விழுந்ததுக்குக் கை தட்டு வாங்கினது நான்.

இதை வாலுகிட்ட முன்கூட்டியே சொல்லி வை. வந்து நின்னு அசடு வழியறதுக்கு முன்னாடியே அவளுக்குத் தெரிஞ்சிருக்கட்டும். அத்தைக்கு விழத் தெரியாதாம், தாடையை எப்படி உள்ள இழுக்கணும்னுகூடத் தெரியாதாம், அவதான் சொல்லிக் குடுக்கணுமாம்னு சொல்லு.

மாட்டேன்னு சொன்னான்னா வற்புறுத்தாதே. நான் வாசல்லயே நின்னுட்டுப் போயிடறேன்.

அக்கா